கடல் கடந்து படிக்கப் போகும் பிள்ளைகளுக்குச் சிக்கனப் பயணப் பாடம்

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீராமபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், பையனுக்கு ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரிச் சம்பளம் கிடையாதாம். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கே வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். உங்கள் மகள் போனபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் செய்ததில் பாதி தவறு. அதை அவரிடம் மறைக்கவில்லை. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமா படிப்புதான். பயணம் என்றால் நமக்குத் தெரியாததா என்ற நினைப்பில் சறுக்கினேன். அன்று அவரிடம் சொன்னவற்றை இங்கே பாடம் பாடமாக எழுதுகிறேன். நம் குடும்பங்களில் இந்த ஆண்டும் எத்தனையோ பிள்ளைகள் பெட்டி கட்டப் போகிறார்கள், யாருக்காவது பயன்படட்டும்.

முன்னோர் எப்படிப் போனார்கள்?

கணித மேதை இராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கரின் மகனுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கப் பணம் ஏது? சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. கப்பல் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது வயது பத்தொன்பது. இந்திய அரசின் உதவித்தொகை அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. அந்தக் கப்பலில் உட்கார்ந்து போட்ட கணக்குதான் பின்னாளில் நோபல் பரிசு வரை அவரைக் கொண்டு சென்றது.

பெண்களும் போயிருக்கிறார்கள். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென்றே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் பார்பர் உதவித்தொகையில் 1924-இல் அங்கே சென்றார். 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். நம் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் பெண் பொறியியல் பேராசிரியராக விளங்கிய ராஜேஸ்வரி சாட்டர்ஜி, 1947-இல் அரசு உதவித்தொகையில் அதே மிச்சிகனுக்குக் கப்பலில் சென்றார். பிறகு 1949-இல் அவருக்கும் அந்தப் பார்பர் உதவித்தொகை கிடைத்தது. படிப்பை முடித்து 1953-இல் பெங்களூருக்கே திரும்பி வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்.

இந்த நால்வரிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். ஒருவரும் தம் வீட்டை விற்றுக் கப்பல் ஏறவில்லை. வழிச்செலவை யார் ஏற்பார்கள் என்பது முதலில் தீர்ந்தது. அதன் பிறகுதான் பெட்டி கட்டினார்கள். நாமோ முதலில் டிக்கெட் விலையைப் பார்த்து மலைக்கிறோம்.

முதல் பாடம்: வழிச்செலவை யார் ஏற்பது?

பல உதவித்தொகைகளில் விமானக் கட்டணமும் அடக்கம் என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகையும் செவ்னிங் உதவித்தொகையும், அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையும், ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையும் போக வர விமானக் கட்டணத்தைத் தருகின்றன. ஜெர்மனியின் டாட் அமைப்பு பயணத்துக்கென்று தனியாக ஒரு தொகை தருகிறது. இவற்றுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரு வருடம் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைத்த பிறகு தேடினால் வண்டி போய்விட்டிருக்கும். ஆகவே இளங்கலை மூன்றாம் ஆண்டில், இன்ஜினியரிங் என்றால் மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே, தேடத் தொடங்குங்கள்.

ஜாம்ஷெட்ஜி டாடா 1892-இல் ஏற்படுத்திய ஜே.என். டாடா அறக்கட்டளையை நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. நம் அறிவியல் கழகமும் அவர் கண்ட கனவுதான். அந்த அறக்கட்டளை தருவது கடன் உதவித்தொகை. படித்து முடித்து வேலையில் அமர்ந்து திருப்பிக் கட்ட வேண்டும். தேர்வானவர்களில் சிலருக்குப் பயண உதவியும் தனியாகக் கிடைக்கிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன், வறுமையான குடும்பத்திலிருந்து 1945-இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்குச் சென்றது டாடா உதவியால்தான்.

பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. 1954-55 முதல் நடந்துவரும் திட்டம் இது. நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு. கல்விக் கட்டணம், தங்கும் செலவு ஆகியவற்றுடன் விமானக் கட்டணமும் கிடைக்கும். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு.

இங்கே நம்மைப் போல் மாநிலம் விட்டு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழக அரசுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் ஒரு அயலகக் கல்வித் திட்டம் உண்டு. கர்நாடக அரசுக்குப் 'பிரபுத்தா' என்ற திட்டம் உண்டு. இரண்டிலும் அந்தந்த மாநிலத்தவர்க்கே உதவி. ஒரு மாநிலத்தில் பட்டியல் வகுப்பில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கேயும் அந்தச் சலுகை தானாகவே கிடைத்துவிடாது என்று 1990-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தாத்தா வேலூரிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்தவர், பேரன் பிறந்தது பெங்களூரில் என்றால், அந்தப் பிள்ளையின் சான்றிதழ் எந்த மாநிலத்தில் செல்லும் என்பதைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் இதற்காக ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மத்திய அரசுத் திட்டத்துக்கு இந்த மாநிலச் சிக்கல் இல்லை.

உதவித்தொகை கிடைக்காதவர்களுக்கு வங்கிக் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட செலவுகளின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கல்விக் கட்டணம், விடுதி, புத்தகம், கணினி ஆகியவற்றுடன் 'வெளிநாட்டுப் படிப்புக்கான பயணச் செலவு' என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. கல்விக் கட்டணத்துக்குக் கடன் எடுத்துவிட்டு, டிக்கெட்டுக்கு மட்டும் மார்வாடிக் கடையில் நகையை வைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தத் திட்டப்படி நான்கு லட்சம் வரை நம் கைப்பணம் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் வெளிநாட்டுப் படிப்பு என்றால் 15 விழுக்காடு நாம் போட வேண்டும். ஏழரை லட்சம் வரை பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. ஆனால் ஒன்று: கடன் கடன்தான். விரலுக்குத் தக்க வீக்கம் இருக்கட்டும்.

இரண்டாம் பாடம்: ஒரே டிக்கெட்

இது நான் பணம் கட்டிக் கற்ற பாடம்.

என் இளைய மகள் 2019 அக்டோபரில் ஜெர்மனிக்குப் புறப்பட்டாள். ஒரு ஏஜென்ட் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தார்: பெங்களூரிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கு ஒரு விமானம், அங்கிருந்து ஜெர்மனிக்கு வேறு நிறுவனத்தின் விமானம். ஒரே டிக்கெட்டாக வாங்குவதைவிட 11,000 ரூபாய் குறைவு. எனக்குப் பெருமையாக இருந்தது. முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். அவள் இறங்கியபோது இரண்டாவது விமானம் போய்விட்டது. "உங்கள் டிக்கெட் எங்கள் நகரத்தோடு முடிகிறது, அதற்கு மேல் எங்கள் பொறுப்பில்லை" என்றார்கள் முதல் நிறுவனத்தார். "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை" என்றார்கள் இரண்டாவது நிறுவனத்தார். இருவர் சொன்னதும் சட்டப்படி சரி. ராத்திரி இரண்டு மணிக்கு இருபத்திரண்டு வயதுப் பெண் தெரியாத ஊரில் நின்றுகொண்டு போன் செய்கிறாள். இங்கே என் மனைவி பூஜை அறையில் உட்கார்ந்துவிட்டாள். புதிய டிக்கெட் 38,000 ரூபாய். மிச்சம் பிடித்தது 11,000, இழந்தது 38,000.

ரயில்வேக்காரனாகிய எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மைசூர்ப் பாதை மீட்டர் கேஜ், சென்னைப் பாதை பிராட் கேஜ். மைசூரிலிருந்து சென்னைக்குப் போகிறவர் பெங்களூர் சிட்டியில் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு வண்டி பிடிக்க வேண்டும். கேஜ் மாறும் இடத்தில்தான் கூலியும் கூட்டமும் தாமதமும். இதற்கு நேர் எதிரானது போட் மெயில். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயிலில் கொழும்பு என்று போகலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை இந்த வசதி இருந்தது. ரயில், கப்பல், மறுபடியும் ரயில் என்று மூன்று மாறினாலும் டிக்கெட் ஒன்று. நடுவில் தவறினால் பொறுப்பு பயணியுடையது அல்ல.

விமானத்திலும் அதுவே விதி. ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர். எண் என்றால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் கடமை. பெட்டியும் பொதுவாக நேரே கடைசி ஊருக்குப் போய்விடும். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் இறங்கி, பெட்டியை எடுத்து, மீண்டும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அந்த நாட்டின் விசாவே தேவைப்படலாம். இடையில் இறங்கும் ஊருக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்பதையும் டிக்கெட் வாங்கும் முன்பே விமான நிறுவனத்திடமும் அந்த நாட்டுத் தூதரக அறிவிப்பிலும் பாருங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் போன பையன் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். ஏஜென்ட் டிக்கெட் கொடுத்த அன்றே, அந்த எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மூன்றாம் பாடம்: டிக்கெட்டோடு பெட்டியையும் எடை போடுங்கள்

டிக்கெட்டின் விலை ஒன்று, பயணத்தின் விலை வேறு. பல விமான நிறுவனங்கள் மாணவர் கட்டணம் என்று ஒன்று வைத்திருக்கின்றன. அதில் கட்டணச் சலுகையைவிடப் பெரிய லாபம் கூடுதல் பெட்டி. ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். சாதாரண டிக்கெட் 42,000 ரூபாய், ஒரு பெட்டி 23 கிலோ. மாணவர் டிக்கெட் 46,000 ரூபாய், இரண்டு பெட்டி. இரண்டாவது பெட்டிக்குத் தனியாக 9,000 ரூபாய் கேட்டால், சாதாரண டிக்கெட் 51,000 ஆகிவிடும். மலிவாகத் தெரிந்தது 5,000 ரூபாய் அதிகம்! தேதி மாற்றக் கட்டணத்தையும் இப்படியே பாருங்கள். விசா தாமதமானால் தேதி மாற்ற வேண்டிவரும். மாற்றவே முடியாத டிக்கெட்டை விசா வருமுன் வாங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதில் வீட்டுப் பெண்மணிகளிடம் நான் வாதாட முடியாது. ஆயினும் இரண்டு செய்திகள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வெளியிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். 2019 டிசம்பர் 14 முதல் செடி, இலை, காய், பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். நம் கறிவேப்பிலைக் கொத்தும் அதில் அடக்கம். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடிக்கு இந்தத் தடை இல்லை. கனமான குளிர்க் கோட்டை இங்கே வாங்கிச் சுமப்பதைவிட, அங்கே பழைய துணிக் கடையில் வாங்குவது மலிவு. என் மகள் கவுன்டரில் பெட்டியைத் திறந்து மூன்று கிலோ எடுத்து வெளியே வைத்தாள். எடுத்தது முழுவதும் நான் கட்டாயப்படுத்தி வைத்த கோட்டும் பாத்திரமும்தான். வீட்டிலேயே தராசில் நிறுத்திப் பார்த்திருக்கலாம்.

நான்காம் பாடம்: எங்கிருந்து ஏறுவது, எத்தனை பேர் வழியனுப்புவது?

சில நாட்களில் பெங்களூரைவிடச் சென்னையிலிருந்து விமானக் கட்டணம் குறைவாக இருக்கும். சில நாட்களில் நேர்மாறாக. இரண்டையும் பாருங்கள். பெங்களூரிலிருந்து சென்னை சென்ட்ரல் ரயிலில் சுமார் 360 கிலோமீட்டர். சதாப்தி, வந்தே பாரத், மெயில் என்று வண்டிகளுக்குக் குறைவில்லை. சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயிலே போகிறது. டிக்கெட்டில் 6,000 ரூபாய் குறைந்து, பிள்ளையோடு ஒருவர் மட்டும் போனால் நிச்சயம் லாபம். பெரியப்பா, சித்தி, அத்தை என்று எட்டுப் பேர் கிளம்பி லாட்ஜில் அறை போட்டால் அந்த 6,000 வழியிலேயே கரைந்துவிடும்.

பெங்களூரிலேயே ஏறுவதாக இருந்தால், தேவனஹள்ளிக்கு வாடகைக் கார் பிடிக்கும் செலவை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வாயு வஜ்ரா பேருந்து பெருமளவு குறைக்கும். 2021 ஜனவரி முதல் விமான நிலையத்துக்கு அருகில் ரயில் ஹால்ட்டும் உண்டு; வண்டிகள் குறைவாகையால் நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். ரயில்வேக்காரன் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்: விமானத்துக்குப் போகும் நாளில் கடைசி வண்டியை நம்பாதீர்கள், அதற்கு முந்தைய வண்டியில் போங்கள்.

ஐந்தாம் பாடம்: இறங்கிய பிறகு

விமான டிக்கெட் ஒரு முறைச் செலவு. அங்கே போன பிறகு தினசரிப் பயணம் இரண்டு ஆண்டுச் செலவு. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்கள் செமஸ்டர் கட்டணத்தோடு பயணச் சீட்டையும் சேர்த்தே கொடுக்கின்றன. 2024 கோடைப் பருவத்திலிருந்து நாடு முழுவதும் செல்லும் செமஸ்டர் டிக்கெட் வந்தது. தொடக்கத்தில் மாதம் 29.40 யூரோ. அதில் உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம். தொலைதூர விரைவு ரயில்களில் மட்டும் முடியாது. பிரிட்டனில் 16 முதல் 25 வயதினருக்கான ரயில் அட்டையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஜப்பானில் கல்லூரிச் சான்று காட்டினால் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ரயில் பயணத்துக்கு 20 விழுக்காடு தள்ளுபடி. அறை பார்க்கும்போது வாடகையோடு இந்தச் சீட்டு செல்லும் எல்லையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தையல் கடை அன்பரை மிரட்டியது விமானக் கட்டணம் அல்ல என்பது பேசப் பேசத்தான் தெரிந்தது. ஜெர்மன் விசாவுக்கு முடக்கக் கணக்கு என்று ஒன்று காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே ஏறக்குறைய 12 லட்சம். யாரோ அவரிடம் அதை 'போகிற செலவு' என்று சொல்லியிருக்கிறார்கள். அது செலவே அல்ல. பையன் பெயரில் இருக்கும் அவனுடைய சாப்பாட்டுப் பணம். மாதம் 992 யூரோ வீதம் அவனுக்கே திரும்பி வரும். கல்விக் கடனில் இதையும் சேர்த்துத் தரும் வங்கிகள் உண்டு. உண்மையில் கைவிட்டுப் போவது விசாக் கட்டணம், 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமான ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய், காப்பீடு, டிக்கெட், செமஸ்டர் கட்டணம் ஆகியவைதான். இன்னொன்றும் சொன்னேன். ஜெர்மனியில் எல்லா இடத்திலும் கட்டணம் இல்லை என்று எண்ண வேண்டாம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் வெளிநாட்டு மாணவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் 2024 குளிர்காலப் பருவம் முதல் புதிதாகச் சேரும் மாணவருக்குக் கட்டணம் உண்டு. கடிதத்தை வரி விடாமல் படியுங்கள்.

போகாமலும் படிக்கலாம்

போவது ஒன்றே வழி என்றும் நினைக்க வேண்டாம். குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஆஸ்திரேலியாவின் டீக்கின், வொலாங்காங் பல்கலைக்கழகங்கள் 2024-இல் வகுப்புகளைத் தொடங்கின. பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழகம் நம் பெங்களூரிலேயே வளாகம் அமைக்கப்போவதாக 2025-இல் அறிவித்தது. கட்டணத்தையும் பட்டத்தின் மதிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வது உங்கள் பொறுப்பு.

சுருக்கமாகச் சொன்னால் ஐந்து: வழிச்செலவு தரும் உதவியை ஒரு வருடம் முன்பே தேடுங்கள். கடன் எடுத்தால் பயணச் செலவையும் அதில் சேருங்கள். டிக்கெட் ஒன்றாக இருக்கட்டும். விலையோடு எடையையும் கூட்டிப் பாருங்கள். முடக்கக் கணக்கையும் செலவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அந்த அன்பரும் நானும் நூலக மேசையில் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினோம். கைவிட்டுப் போகும் தொகை அவர் தையல் கடையில் சேர்த்து வைத்திருந்ததற்குச் சற்று மேலே வந்தது. மீதிக்கும் முடக்கக் கணக்குக்கும் வங்கியில் கேட்டிருக்கிறார். பிணை எவ்வளவு கேட்பார்கள் என்பது இன்னும் தெரியவில்லை. "வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டி வந்தாலும், எதற்காகக் கொடுக்கிறேன் என்று இப்போது தெரியும் சார்" என்றார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படி ஒரு தாள் போட வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நூலகத்தில்தான் இருப்பேன். விமான நிறுவனம் காட்டும் விலையையும், கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தையும், ஒரு பென்சிலையும் கொண்டுவாருங்கள். போகிற பிள்ளைகள் நலமாகப் போய், நன்றாகப் படித்து, நல்லபடி திரும்ப வாழ்த்துகிறேன்.